வானத்தைப் பொதுவாகக் கண்ட விக்கிரம் சாராபாய்

சென்னையிலிருந்து கூடூர் மார்க்கமாக ரயிலில் செல்லும் அன்பர்கள் கும்மிடிப்பூண்டியும் தடாவும் கடந்த பின் சூளூர்பேட்டை நிலையத்தைக் காண்பார்கள். செங்காளம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. முன்னர் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிக்கும் அவ்வூரிலிருந்து கிழக்கே ஒரு சாலை பழவேற்காடு ஏரியின் உவர்நீரைக் குறுக்கே பிளந்துகொண்டு செல்கிறது. சாலையின் இருமருங்கிலும், குளிர்காலத்தில், பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்று இரை தேடும். அவை எந்த நாட்டு எல்லையைக் கடந்து வந்தன என்று அவற்றை யாரும் கேட்பதில்லை. அச்சாலை முடியுமிடத்தில் உள்ள தீவே ஸ்ரீஹரிக்கோட்டா. அங்கிருந்து ராக்கெட் எழும் நாட்களில் சூளூர்பேட்டை மக்கள் வீட்டு மாடிகளில் ஏறிக் கிழக்கு நோக்கி நிற்பர்.

அந்நிலையத்திற்கு இன்று வழங்கும் பெயர் சதீஷ் தவான் என்னும் பேரறிஞருடையது. அவர் பெருமை தனியே எழுதத்தக்கது. நாம் இங்கே சொல்லப் புகுந்தது, அத்தீவைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அங்கே முதல் சிறு ராக்கெட் எழுந்த மூன்று மாதத்திற்குள் கண்மூடிய ஒருவரின் வாழ்க்கையை. அவர் விக்கிரம் சாராபாய்.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத் நகரில், ஜைன மரபினரான ஒரு பெருஞ் செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் காலிக்கோ பஞ்சாலையின் உரிமையாளர், தாயார் சரளாதேவி. இக்குடும்பத்தைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1915இல் காந்தியார் அகமதாபாத்தில் ஆசிரமம் அமைத்துத் தீண்டப்படாதார் எனப்பட்ட ஒரு குடும்பத்தை அதில் சேர்த்துக்கொண்டபோது, அதுவரை பொருளுதவி செய்து வந்த தனவந்தர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை மூடிக்கொண்டனர். ஆசிரமத்தைக் கலைத்துவிட்டுத் தீண்டாதார் சேரிக்கே குடிபோகலாம் என்னும் நிலை வந்தது. அவ்வேளையில் ஒரு செல்வர் மோட்டாரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார். அவர் அம்பாலாலே என்று பிற்காலத்தார் கொள்கின்றனர். பெயர் வேண்டாத ஈகை பெருமைக்குரியதே. ஆனால் அதே அம்பாலால், 1918இல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது முதலாளிகளின் பக்கம் தலைவராய் நின்றார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தொழிலாளர் பக்கம் நின்று நடத்தியவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா அம்மையார். பகலில் எதிரெதிர் அணியில் நின்ற தமக்கையும் தம்பியும் அன்பு குறையாமலே இருந்தனர். மாறுபட்ட கருத்துடையவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசும் பயிற்சி சிறுவன் விக்கிரமுக்கு அவ்வீட்டிலேயே கிடைத்தது என்பது நம் எண்ணம்.

பிள்ளைகளுக்கென்று வீட்டிலேயே ஒரு பள்ளி நடத்தினர் பெற்றோர். பின்னர் குஜராத் கல்லூரியிலும், அதன் பின் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துப் புனித ஜான் கல்லூரியிலும் பயின்று 1940இல் இயற்கை விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றார். உலகப்போர் மூண்டுவிட்டமையால் தாயகம் திரும்பிப் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நம் சர் சி. வி. ராமனின் கீழ் ஆராய்ச்சியில் அமர்ந்தார். ஹோமி பாபாவின் நட்பும் அங்கேதான் வாய்த்தது. 1942இல் மிருணாளினி அம்மையாரை மணந்தார். சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகளார் அவர். நேதாஜியின் படையில் மகளிர் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் தங்கை. நாட்டியக் கலையில் உலகப்புகழ் பெற்றவர்.

சாராபாய் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி விண்கதிர் பற்றியது. விண்வெளியினின்று ஓயாது பூமியின் மேல் வந்து விழும் நுண்துகள்களே விண்கதிர்கள். இவை பூமியின் காந்தப்புலத்தால் வளைக்கப்படுவதால், துருவத்தருகே ஒரு வகையாகவும் பூமத்திய ரேகையருகே வேறு வகையாகவும் வந்து சேர்கின்றன. சூரியனில் எழும் கொந்தளிப்பு அவற்றின் அளவை மாற்றுகிறது. ஆகவே ஒரு நாட்டில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு இவற்றின் இயல்பை அறிவது இயலாது. கொடைக்கானலில் எடுத்த கணக்கைக் குல்மார்க்கில் எடுத்த கணக்கோடும், அதனைக் கடல் கடந்த நாடுகளில் எடுத்த கணக்கோடும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்னும் நெறியைப் பயின்ற நம்மவர்க்கு இது புதிதன்று. சாராபாய்க்கோ இது தினசரி அலுவலாய் இருந்தது. போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

திரும்பிய அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைத் தோற்றுவித்தார். அப்போது வயது 28. தம்மினும் மூத்தவரைத் தலைவராக்கித் தாம் ஓர் ஆசிரியராய் மட்டும் அமர்ந்தது அவர் குணத்தைக் காட்டும். அம்முதல் தலைவர் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன். வானிலை இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வளிமண்டலத்தின் ஓசோனைப் பற்றிய ஆராய்ச்சியில் உலக அறிஞர்கள் மதித்த பெரியார். பின்னர் பூகோள பௌதிகச் சர்வதேச ஒன்றியத்தின் தலைமையும் ஏற்றவர். 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் முடிய சர்வதேசப் பூகோள பௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டது. கொண்டாட்டம் என்ற சொல் பொருந்தாது, அஃது உழைப்பு. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் காற்று, கடல், பனி, காந்தப்புலம், சூரியன் ஆகியவற்றை ஒரே காலத்தில் அளந்து கணக்குகளை ஒருவர்க்கொருவர் அளித்துக்கொண்டன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றை ஒன்று அழிக்க வல்ல குண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்திலேதான் இதுவும் நடந்தது. அகமதாபாத் கூடம் இவ்வேலையில் முழுமனத்தோடு ஈடுபட்டது. இவ்வாண்டின் இடையில்தான், 1957 அக்டோபர் 4ஆம் நாள், முதல் செயற்கைச் சந்திரனாகிய ஸ்புட்னிக் வானில் ஏறியது.

ஏழை நாட்டிற்கு ராக்கெட் எதற்கு என்று அன்று கேட்டவர் பலர். சோற்றுக்கில்லாத வீட்டில் வாணவேடிக்கையா என்று ஏளனம் செய்தவரும் உண்டு. இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. நம்முடைய மக்களே அதிகமாய்க் கேட்கத்தக்க கேள்வி அது. சாராபாய் அளித்த விடை இவ்வளவே: சந்திரனுக்கு ஆளனுப்பிப் பெருமை தேடும் போட்டியில் இந்தியாவுக்கு வேலை இல்லை, ஆனால் புயல் வருவதை முன்னறிவதற்கும், பள்ளியும் சாலையும் எட்டாத கிராமத்திற்குக் கல்வியைக் கொண்டு சேர்ப்பதற்கும் இக்கருவி பயன்படுமாயின், மற்றவரினும் ஏழைகளுக்கே அது முதலில் தேவை. செல்வ நாடு ஏறிய படிகளையெல்லாம் ஏழை நாடு ஒவ்வொன்றாய் ஏற வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. 1962இல் அரசு அமைத்த விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்கு அவரே தலைவரானார்.

தும்பாவின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பூமியின் காந்த மத்திய ரேகை திருவனந்தபுரத்தருகே செல்கிறது. அதன் மேலே வானில் ஒரு மின்னோட்டம் பகல் தோறும் ஓடுகிறது. அதனை ஆராய விரும்பிய எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அவ்விடம் தேவைப்பட்டது. ஆனால் ராக்கெட் செய்யும் நாடு எதுவும் அந்த ரேகையில் இல்லை. ஆகவே ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில், எந்த நாட்டாரும் வந்து பயன்படுத்தத்தக்க ஒரு நிலையம் அமைக்கலாம் என்று முடிவாயிற்று. தும்பா என்னும் மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே மகதலேன் மரியாள் ஆலயம் இருந்தது. சாராபாய் ஆணையோடு போகவில்லை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைக் கண்டு வேண்டினார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மீனவ மக்களிடமே அதனை எடுத்துக் கூறி இசைவு பெற்றார். மக்கள் குடிபெயர்ந்தனர். ஆலயம் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. ஆயரின் இல்லம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற காட்சியைப் படத்தில் கண்டவர் பலர். ராமேசுவரத்து அப்துல் கலாமும் தமிழரான ஆர். ஆராவமுதனும் முதலிய இளைஞர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி அங்கே வேலை செய்தனர்.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் எழுந்தது. ராக்கெட் அமெரிக்காவினுடையது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சு நாட்டினது. சோவியத் ஒன்றியம் ஹெலிகாப்டரும் பின்னர்க் கணிப்பொறியும் அளித்து உதவியது. கியூபாவின் பொருட்டு உலகமே எரிந்து போமோ என்று அஞ்சிய நாட்கள் கழிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அன்று மாலை வானில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் எழுந்ததைக் கேரளத்தாரும் தென் தமிழ்நாட்டாரும் வெறுங்கண்ணால் கண்டனர். மறுநாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 பிப்ரவரி 2ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி தும்பாவை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1970 முதல் சோவியத் நாட்டு வானிலை ராக்கெட்டுகள் வாரந்தோறும் அங்கிருந்து எழுந்து மேற்காற்றை அளந்தன. பருவமழையின் இயல்பை அறிய அக்கணக்குகள் பயன்பட்டன.

நம் தேவானாம்பிரியர் அசோகர் மக்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவம் கிடைக்கச் செய்ததை இரண்டாம் பாறைச் சாசனத்தில் பொறித்தபோது, தம் நாட்டோடு நில்லாமல் சோழர், பாண்டியர், தாமிரபரணியாகிய இலங்கை, யவன மன்னரின் நாடு என்று எல்லைக்கு அப்பாற்பட்டவற்றையும் வரிசையாகச் சொன்னார் அல்லவா? நோய்க்கு எல்லை இல்லை என்பதை அவர் கண்டார். புயலுக்கும் அஃது இல்லை.

பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் மறைந்த பின், அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. இரண்டு பெரும் இலாகாக்கள், அகமதாபாத்தில் ஆராய்ச்சிக்கூடம், அவர் தோற்றுவித்த நெசவு ஆராய்ச்சிச் சங்கம், நிர்வாகக் கல்விக்கழகம், குடும்பத் தொழில்கள் என்று ஓய்வின்றி விமானத்தில் அலைந்தார். 1968 ஆகஸ்டில் வியன்னாவில் விண்வெளியின் சமாதானப் பயன் பற்றி ஐக்கிய நாடுகள் சபை நடத்திய மாநாட்டில் விஞ்ஞானப் பகுதியின் தலைவராய் வீற்றிருந்தார். 1970இல் சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் பதினான்காவது பொது மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அணுகுண்டு செய்ய வேண்டும் என்று உள்நாட்டில் குரல் ஓங்கிய காலம் அது. குண்டு ஒன்றினால் நாட்டிற்குக் காப்பு வந்துவிடாது. அதன் பின்னே வரும் செலவும் ஏற்பாடும் ஏழை நாட்டை விழுங்கிவிடும் என்று அவர் எண்ணினார். பெரிய நாடுகள் தம் குண்டுகளை வைத்துக்கொண்டே சிறிய நாடுகளை மட்டும் தடுக்கும் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும் அக்காலத்து நிலையே. இரண்டுக்கும் இடையே அவர் நின்ற இடம் குறுகியது. அவர் மறைந்த மூன்றாம் ஆண்டிலேயே, 1974 மே மாதத்தில், பொக்ரானில் வெடிப்பு நிகழ்ந்தது. அதன் பின் பல நாடுகள் நமக்குக் கருவியும் அறிவும் தருவதில் கையை இறுக்கிக்கொண்டன. சந்திரனை நோக்கும் ராக்கெட்டும் குண்டு சுமக்கும் ராக்கெட்டும் உடலால் உறவினர் என்பதை நாம் மறக்கலாகாது. நாடுகளுக்கிடையே நம்பிக்கை இருக்கும் மட்டுமே ஒத்துழைப்பும் இருக்கும்.

செயற்கைக்கோளை ஏவத் தும்பா போதாது. பூமி மேற்கிலிருந்து கிழக்காய்ச் சுழல்வதால் கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டிற்கு அச்சுழற்சியே நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாய் அளித்துவிடுகிறது. எரிந்து தீர்ந்த பாகங்கள் வீழ்வதற்குக் கிழக்கே பரந்த கடலும் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த இடமாக 1969இல் ஸ்ரீஹரிக்கோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றியது. இதில் வேடிக்கையான ஒரு செய்தி: துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இங்கிருந்து நேர் தெற்கே செல்லுமாயின் இலங்கையின் மேல் பறக்க நேரும். ஆகவே அது முதலில் தென்கிழக்கே ஓடிப் பிறகு வளைந்து திரும்புகிறது. இதனால் எரிபொருள் செலவாகிச் சுமை குறைகிறது. அண்டை வீட்டார் தலைமேல் எதுவும் விழலாகாது என்பதற்காக நாம் ஒவ்வொரு முறையும் கொடுக்கும் விலை அது.

ஆனால் அத்தீவு ஆளற்ற தீவன்று. யானாதிகள் என்னும் பழங்குடியினர் அங்கே காட்டுப் பொருள் திரட்டியும் மீன் பிடித்தும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள். 1835இல் ஆங்கில அரசு தீவைத் தன் வசமாக்கிய காலத்திலேயே அவர்கள் அங்கே இருந்தனர். நிலையம் வந்தபோது ஊர்கள் அகற்றப்பட்டன. பலர் ஏரியைக் கடந்து கரைக்கு வந்தனர். சிலர் நிலையத்திலேயே கூலிவேலை பெற்றனர். தும்பா மீனவர்க்காகப் பேச ஓர் ஆயர் இருந்தார்; அவர்களைக் கூட்டிக் கேட்க ஓர் ஆலயம் இருந்தது. யானாதிகளுக்கு அத்தகையவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. சாராபாயின் புகழுக்கு இது மாசு என்று சொல்லத் துணியோம். ஆயினும் அவர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தும்பாவின் கதையை இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டு இதனைத் தாண்டிச் செல்வது முறையன்று. சூளூர்பேட்டைச் சுற்றுப்புறங்களில் அம்மக்களின் குடிசைகளை இன்றும் காணலாம்.

1971 அக்டோபர் 9ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ரோகிணி என்னும் சிறு ராக்கெட் முதன்முதலாக எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சாராபாய் தும்பாவிற்குச் சென்று பணிகளைப் பார்வையிட்டுக் கோவளத்தில் தங்கினார். 30ஆம் நாள் இரவு உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 52.

அவர் பேசி முடித்திருந்த காரியங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னர் நிறைவேறின. 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆந்திரப் பிரதேசம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வந்தது. விவசாயம், சுகாதாரம், பிள்ளைகளின் கல்வி ஆகியவை அவரவர் மொழியில் காட்டப்பட்டன. மின்சாரமே காணாத ஊர்களில் பாட்டரியைக் கொண்டு நடத்தினர். முதல் இந்தியச் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் மண்ணிலிருந்து ஏறியது. அது அனுப்பிய செய்திகளை வாங்கிய இடங்களுள் ஸ்ரீஹரிக்கோட்டாவும் ஒன்று.

புயலைப் பற்றிய அவர் கனவு மட்டும் காலந்தாழ்ந்தது. 1977 நவம்பரில் கிருஷ்ணா நதியின் முகத்துவாரத்தில் திவிசீமைப் பகுதியைத் தாக்கிய புயலில் பதினாயிரம் பேர் அளவில் மாண்டனர். கடல் ஊருக்குள் புகுந்தது. எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய குடிசைகளில் அதனைக் கேட்கும் கருவி இல்லை. 1983இல் அமெரிக்க விண்ணோடம் சுமந்து சென்ற இன்சாட் செயற்கைக்கோள் வந்த பிறகே வானிலிருந்து புயலை இடைவிடாது பார்க்கவும், கடலோர ஊர்களுக்கு நேரே அபாய அறிவிப்பை அனுப்பவும் வழி பிறந்தது. 1990 மே மாதத்தில் அதே ஆந்திரக் கரையைக் கடும் புயல் தாக்கியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். மாண்டவர் ஆயிரத்திற்குக் குறைவு. அதுவும் பெருந்துயரமே. எனினும் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, வாணவேடிக்கை எதற்கு என்ற பழைய கேள்வியின் விடை ஒருவாறு விளங்கும்.

ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2011இல் பிரான்சோடு கூட்டாய்ச் செய்த, வெப்பமண்டல மழையை ஆராயும் கோள் ஒன்று சென்றது. 2017 மே 5ஆம் நாள் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகிய அண்டை நாடுகளும் பயன்கொள்ளத்தக்க தெற்காசியச் செயற்கைக்கோள் சென்றது. பாகிஸ்தான் சேர மறுத்துவிட்டது. 2025 ஜூலை 30ஆம் நாள் அமெரிக்காவோடு கூட்டாய்ச் செய்த நிசார் சென்றது. நிலம் விரல் அகலம் அசைந்தாலும், பனிமலை உருகினாலும் அதன் ராடார் கண்டுகொள்ளும். அக்கணக்குகளை எந்த நாட்டாரும் விலையின்றிப் பெறலாம் என்பது ஏற்பாடு.

1973இல் சர்வதேச வானியல் ஒன்றியம் சந்திரனில் சாந்தக் கடல் எனப்படும் சமவெளியிலுள்ள ஒரு பள்ளத்திற்குச் சாராபாயின் பெயரைச் சூட்டியது. 2023 ஜூலை 14ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனின் தென்துருவத்தருகே இறங்கிய கலத்திற்கும் விக்கிரம் என்றே பெயர். ராக்கெட் எழுவதைக் காண விரும்பும் அன்பர்கள் முன்னதாகப் பதிவு செய்துகொண்டால், 2019இல் அங்கே அமைத்த பார்வை அரங்கில் அமர்ந்து காணலாம். சூளூர்பேட்டை நிலையத்தில் இறங்கி ஏரிச் சாலை வழியே செல்ல வேண்டும். குளிர்காலமாயின் பூநாரைகளையும் காணலாம்.